டாப்பை விட்டு இறங்காத வீடு

என் புகுந்த வீட்டில் காரின் கியரைக் குறைப்பது, பந்தியில் பாதியில் எழுந்துபோவதற்குச் சமமான அவமானம். வண்டி ஒருமுறை நாலாவது கியருக்கு, அதாவது டாப்புக்கு, ஏறிவிட்டதென்றால் போய்ச் சேரும்வரை அங்கேயே இருக்கவேண்டும். முன்னால் மாட்டுவண்டி போகலாம், ஆடு குறுக்கே வரலாம், மேடு வரலாம். என்ன வந்தாலும் இறங்கக் கூடாது. வீட்டுக்கு யாராவது ஒறம்பரை, விருந்தாளி என்று வந்தால், காபி டம்ளர் அவர்கள் கைக்குப் போவதற்குள் என் கணவர் ஆரம்பித்துவிடுவார்.

“வெடியால நம்மூட்டு முக்குல டாப் போட்டேனுங்க. கவுண்டம்பாளையம் வரைக்கும் கியர்ல கை வெக்கலீங்க.”

“அப்படீங்களா,” என்று வந்தவர்கள் மரியாதையாக வியப்பார்கள். பிறகு தங்கள் பங்குக்கு, அவினாசியிலிருந்து கை வைக்காமல் வந்த கதையை எடுத்துவிடுவார்கள். ஒரு மனிதன் தன் இடது கையை எத்தனை மைல் தூரம் சும்மா வைத்திருந்தான் என்பதுதான் அந்த வட்டாரத்தில் வீரத்துக்கு அளவு.

அந்த வீரப் பயணங்களில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். துடியலூர் சந்தைக் கூட்டத்துக்குள் கார் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும். அப்போதும் டாப்தான். வண்டிக்குக் குளிர்ஜுரம் வந்துவிடும். கதவு நடுங்கும், கண்ணாடி நடுங்கும், மடியில் வைத்திருக்கிற தேங்காய்ப் பை நடுங்கும். இஞ்சின் உறுமி, முக்கி, சாகப்போகிற சத்தம் போடும். என் கணவர் மட்டும் அசையாமல், தவம் செய்கிற முகத்தோடு முன்னால் பார்த்துக்கொண்டிருப்பார். சில சமயம் வண்டி நின்றே போய்விடும். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நின்ற வண்டியில் கியர் போடுவது கியரைக் குறைப்பது ஆகாது என்று அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவருடைய தொழிலே கியர்தான். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. மில் இயந்திரங்களுக்கும் மற்றவற்றுக்கும் பல்சக்கரம் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். காலை முதல் மாலை வரை ஊருக்கெல்லாம் பல்சக்கரம் வெட்டுகிற மனிதருக்குத் தன் சொந்தக் காரின் பல்சக்கரங்களுக்கு வேலை கொடுக்க மனசு வரவில்லை. “மாத்துனாத் தேயுமல்லோ,” என்பார். கூடவே பெட்ரோல் குடிக்குமாம். காலில் போட்டால் தேயும் என்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்துச் சிரிக்க அவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

எனக்கு இதெல்லாம் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பிப்ரவரி மாதம் வரை வெறும் பின்சீட்டுத் தொந்தரவாக மட்டும் இருந்தது. நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் ஏறினால் பள்ளி வாசலில் இறங்கலாம். அந்த பிப்ரவரியில் பள்ளிக்கூடத்தையே அன்னூர் பக்கம், தோட்டங்களுக்கு நடுவே கட்டிய புதுக் கட்டடத்துக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். ஜூனில் திறப்பு. அந்த வழியில் காலையில் இரண்டே பஸ். ஒன்று ஆறரைக்கு, நான் அடுப்பில் இருக்கும்போது போய்விடும். இன்னொன்று போய்ச் சேரும்போது இரண்டு பாடவேளை முடிந்திருக்கும். ஆக, ஜூனுக்குள் நான் கார் ஓட்டியாக வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டாக வேண்டும். கார் என்னவோ திங்கள் முதல் சனி வரை பின்னால் கொட்டகையில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டுதான் இருந்தது. பட்டறைக்குப் போக அவருக்கு இருபது எட்டு வைத்தால் போதும்.

அந்த வேலை எனக்கு வேண்டும். சம்பளத்துக்காக என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். பதினொரு வருஷமாக எட்டாம் வகுப்பு பி பிரிவின் கரும்பலகைக்கு முன்னால் நின்றேன். அங்கே நான் யாருடைய மருமகளும் இல்லை. நான் தப்பு என்று சொன்னால் அது தப்பு, சரி என்றால் சரி. அந்த நாற்பது நிமிஷங்களை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

வீட்டில் யாரும் ஓட்டக் கூடாது என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் கூடாது என்று சொல்வதில்லை. “பாக்கலாங்க” என்றால் நடக்காது என்று பொருள். “அதுக்கென்னங்க, செஞ்சுபோட்டாப் போச்சு” என்றால் எந்தக் காலத்திலும் நடக்காது என்று பொருள். நான் பவானிக்காரி, இந்த பாஷை எனக்குப் புதிதில்லை. என் மாமியார், “எதுக்கு கண்ணு இந்த அலைச்சலு?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அவ்வளவு பிரியமாகக் கேட்டதால்தான் பயமாக இருந்தது.

கணவர் கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார். “கத்துக்க அம்மணி, யாரு வேண்டாங்கறா. அம்மா உன்ற கூட உக்காந்து வந்து சரீன்னு சொல்லிப்போட்டா, சாவிய எடுத்துக்க.”

மாமியாருக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம். டாக்டர் கொடுத்த கழுத்துப் பட்டையை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருப்பார். வண்டி ஒரு நூல் குலுங்கினாலும் அவர் கழுத்துக்குத் தெரியும். நாடு முழுக்கத் தேடினாலும் கார் ஓட்டத் தெரியாத ஒருத்திக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை அதிகாரி கிடைத்திருக்கமாட்டார்.

முதலில் ட்ரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். சொல்லித்தந்தவருக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு, மரியாதை மட்டும் மூட்டை மூட்டையாக இருந்தது. அந்தக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். பத்து நாளும் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன், மற்றதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். நான் கியரைத் தொட்டால் கிளட்ச் தானாகக் கீழே போகும்.

“இப்பக் கிளட்ச மிதிச்சது நானா, நீங்களா?” என்று கேட்டேன்.

“நீங்கதானுங்க. நாஞ் சும்மா ஒரு சப்போட்டுங்க.”

“கியர் குறைக்கும்போது தூக்கிப்போடுதே?”

“அது வண்டீங்க. நீங்க நெம்ப நல்லா ஓட்டறீங்க.”

பத்தாவது நாள் எட்டு போட்டுக் காட்டினேன், லைசென்ஸ் கொடுத்துவிட்டார்கள். அந்த லைசென்ஸில் பாதி அவருடைய இடது காலுக்குச் சொந்தம். என் தப்பை ஒரே ஒரு தடவை தப்பு என்று சொல்லியிருந்தால் அவருக்கு என்ன குறைந்திருக்கும் என்று இப்போதும் கோபம் வருகிறது. நான் என் வகுப்பில் ஒருத்தியின் தவறான விடைக்குப் பக்கத்தில் ‘நெம்ப நல்லா இருக்குதுங்க’ என்று எழுதினால் அவள் உருப்படுவாளா?

அடுத்தது கணவரின் முறை. அவர் காரை எடுக்கவில்லை. பட்டறைக்குச் சரிசெய்ய வந்திருந்த ஒரு பழைய கியர் பெட்டியை இரண்டு ஆட்களை விட்டுத் தூக்கிவரச் சொல்லி, சாப்பாட்டு மேஜைமேல் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் வைத்துப் பிரித்தார். நாலு நாள் அது மேஜையிலேயே இருந்தது. நாங்கள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எந்தத் தண்டு எதைச் சுற்றுகிறது, எந்தச் சக்கரத்துக்கு எத்தனை பல், அந்தப் பல்லின் சாய்வு எத்தனை டிகிரி, எந்த எஃகு, எத்தனை சூட்டில் பழுக்கவைத்து எப்படிக் குளிரவைக்கவேண்டும் என்று எல்லாம் சொன்னார். நான் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டேன். அந்த ஊரில் ஒருவருக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுக்கச் சொன்னாலும் முதலில் செயின் செய்யும் விதத்தில் ஆரம்பிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

“சரீங்க. மூணாவதுல இருந்து ரெண்டாவதுக்கு வாரப்போ குலுங்காம எப்படி வாரது?” என்றேன் நாலாம் நாள்.

அவர் என்னை நிஜமான வருத்தத்தோடு பார்த்தார். “எதுக்கு வாரோணும்? டாப்புலயே எடு.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, கணவர் பக்கத்தில் இருக்க, வீரபாண்டிப் பிரிவு வரை ஓட்டினேன். நிழலான தெருவிலும் நேர் ரோட்டிலும் குலுக்கல் ஒன்றும் தெரியவில்லை. வேகத்தடைக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன். கிளட்சை விட்டேன். யாரோ பின்னாலிருந்து காரின் வாலைப் பிடித்து இழுத்ததுபோல மூன்று பேரும் ஒரே நேரத்தில் முன்னால் குனிந்து நிமிர்ந்தோம். கண்ணாடியில் பார்த்தேன். மாமியார் இரண்டு கையாலும் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த வேகத்தடையில் இன்னும் மெதுவாக விடப் பார்த்தேன், கால் நழுவி இன்னும் மோசமாகக் குனிந்தோம். வீடு வருவதற்குள் எல்லாச் சாமியையும் கும்பிட்டாகிவிட்டது.

இறங்கியதும் மாமியார், “நல்லாத்தான் ஓட்டற கண்ணு,” என்றார். மறுநாள் அவருக்குக் கழுத்து டாக்டரிடம் போகவேண்டியிருந்தது. நான் எழுந்து பார்ப்பதற்குள், யாருக்கும் சொல்லாமல், பட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றிருந்தார். அவர் வாயால் சொல்லாத மதிப்பெண் எனக்குக் கிடைத்துவிட்டது. பஸ்ஸில் நின்றுகொண்டு போவதே என் காரில் உட்கார்ந்து போவதைவிட மேல் என்று ஒரு எலும்பு தேய்ந்த கிழவி முடிவுசெய்தால் எப்படி இருக்கும்? எனக்கு அழுகை வந்தது. கொட்டகைக்குப் போய்க் காரின் டயரை ஒரு உதை விட்டேன். கால்தான் வலித்தது.

பிறகு அந்த பஸ்ஸைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அதில் எழுபது பேர் ஏறுகிறார்கள், பாதிப் பேர் நிற்கிறார்கள், கையில் மோர்த் தூக்கு, இடுப்பில் பிள்ளை. யாரும் குனிந்து நிமிர்வதில்லை. அந்த டிரைவர் என்ன, டாப்பிலேயேவா போகிறார்?

எங்கள் ஊர் பஸ்களில் பெண்களுக்கு முன்பக்கம், ஆண்களுக்குப் பின்பக்கம். பதினொரு வருஷமாக நான் டிரைவருக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில், சூடான இஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். பரீட்சைத் தாள் திருத்தியிருக்கிறேன், தூங்கியிருக்கிறேன், அவர் காலை ஒரு நாளும் பார்த்ததில்லை. மறுநாளிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். டீச்சர் குனிந்து குனிந்து டிரைவருடைய காலைப் பார்ப்பது அவ்வளவு கௌரவமான காட்சி இல்லைதான்.

மூன்று நாளில் பிடிபட்டது. நிறுத்தத்துக்கு முன்னால் அவர் முதலில் பிரேக்கை மிதித்து வேகத்தைக் குறைக்கிறார். பிறகு கிளட்சை மிதித்து கியரை எடுத்து நடுவில், நியூட்ரலில், விடுகிறார். கிளட்சை விட்டுவிட்டு வலது காலால் ஆக்ஸிலேட்டரை ஒரே ஒரு தட்டு. இஞ்சின் ‘ம்’ என்று ஒரு குரல் கொடுக்கிறது. உடனே மறுபடி கிளட்ச், கியர் உள்ளே விழுகிறது, கிளட்சை விடுகிறார். யாருக்கும் ஒன்றும் தெரிவதில்லை.

ஒரு நாள் துடியலூரில் பஸ் நின்றபோது கேட்டேவிட்டேன். “ஏனுங்க, மெதுவாப் போகத்தான கியரக் கொறைக்கறீங்க. அப்பறம் எதுக்கு ஆக்ஸிலேட்டரத் தட்டறீங்க?”

டிரைவர் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கண்டக்டர் விசில் அடிக்காத எரிச்சல். “ஓடற பஸ்ஸுல எப்படீங்க டீச்சர் ஏறுவாங்க? கூட நாலு எட்டு ஓடித்தான ஏறோணும். நின்ன எடத்துல இருந்து தாவுனா இழுத்துப் போட்றுமல்லோ. இஞ்சினும் அப்படித்தானுங்க, கூட ஓட உட்டுச் சேக்கோணும். கூட்டத்துல இதெல்லாம் கேக்கறீங்க பாருங்க.”

அவ்வளவுதான். நாலு நாள் மேஜைமேல் கியர் பெட்டி கிடந்து சொல்லாததை அந்த மனிதர் எரிச்சலோடு அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார். கியர் பெட்டிக்குள்ளேயே வாழ்கிற என் கணவருக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று கேட்டால், அவர் பஸ்ஸில் போனால் பின்பக்கம் நிற்பவர், படிக்கட்டில் காற்று வாங்குபவர்.

ஏப்ரலும் மேயும் இதே வேலையாக இருந்தேன். முதலில் நிற்கிற வண்டியில். பிறகு சாப்பிட உட்காரும்போது மேஜைக்கடியில் கால்கள் தானாக மிதித்துப் பார்த்துக்கொள்ளும். இடது, வலது தட்டு, இடது. “எறும்பு கடிக்குதா கண்ணு?” என்று மாமியார் கேட்டார். காலையில் வெளிச்சம் வந்ததும், ஊருக்கு வெளியே பருத்திக் காட்டை அழித்துக் கல் நட்டு சைட் போட்டிருந்த இடத்துக்குக் காரைக் கொண்டுபோவேன். ரோடு இருந்தது, வீடு ஒன்றும் வந்திருக்கவில்லை. ஒவ்வொரு சைட் கல்லுக்கும் ஒரு தடவை கியரைக் குறைத்தேன். முதல் வாரம் தட்டு அதிகமாகி வண்டி முன்னால் பாய்ந்தது. இரண்டாவது வாரம் தட்டு குறைவாகி வாலைப் பிடித்து இழுத்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, இரண்டாவது கியர் விழுந்ததா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்தது. கீழே குனிந்து பார்த்தேன். விழுந்திருந்தது. யாருமில்லாத அந்த சைட்டில் தனியாகச் சிரித்தேன்.

கணவர் ஒரே ஒரு நாள் கூட வந்தார். நான் ஆக்ஸிலேட்டரைத் தட்டியதும் அவர் கை தானாக நெஞ்சுக்குப் போனது. “நிறுத்தறப்போ யாராச்சும் பெட்ரோலக் குடுப்பாங்களா அம்மணி? தண்ணியாட்டம் குடிக்குது,” என்றார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. பார்க்கச் சகிக்கவில்லையாம்.

மே மாதக் கடைசியில் மாமியாரைக் கோயமுத்தூருக்கு டாக்டரிடம் கூட்டிப்போகவேண்டிய நாளில், கணவர் பட்டறைக்கு வெளியூரிலிருந்து சரக்கைச் சோதிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். வெயில் கொளுத்தியது, பஸ்ஸில் போக முடியாது. மாமியார் வேறு வழியில்லாமல் என் காரில் ஏறினார். ஏறும்போதே பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பலிக்குப் போகிற ஆடுகூட அவ்வளவு பொறுமையாகப் போகாது.

அந்தப் பழைய காரில் கியர்த் தண்டு ஸ்டியரிங்குக்குக் கீழேயே, சக்கரத்தை ஒட்டி இருக்கும். கையை நீட்டாமலே போடலாம், பின்னாலிருப்பவர்களுக்குத் தெரியாது. பெரியநாயக்கன்பாளையத்துக் கடைவீதியில் மூன்று தடவை, சந்தையில் ஐந்து தடவை என்று நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே போனேன். கணக்கு டீச்சரின் புத்தி. துடியலூர் தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தேன், மாமியாரின் ஒரு கை இறங்கியிருந்தது. கவுண்டம்பாளையத்தில் இரண்டு கையும் மடியில் இருந்தன. அதற்கப்புறம் பார்த்தபோது வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். நாற்பத்தோரு தடவை கியரைக் குறைத்திருந்தேன். டாக்டர் வீட்டு வாசலில் நிறுத்தி, அவரை எழுப்ப மனசில்லாமல் இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பேருக்கு ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு ஒருவர் போட்டார்.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் மாமியார் மகனிடம் சொன்னார். “அம்மணி அருமையா ஓட்டறா சாமி. போக வர கியரே மாத்தல. டாப்புலயே கொண்டாந்து உட்டுப்போட்டா.”

கணவரின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்கவேண்டுமே. “நாஞ் சொன்னனல்லோ? கேட்டாளா மொதல்ல? இப்பப் பாருங்க.” ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, பட்டமளிப்பு விழாவில் கொடுப்பதுபோல் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். “டாப்புலயே ஓட்டறதுன்னா எடுத்துக்க. நாளைக்கே எடுத்துக்க.”

நான் வாயை மூடிக்கொண்டு சாவியை எடுத்திருக்கவேண்டும். எல்லாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் தப்பான வழியில் வந்த சரியான விடைக்கு நான் மதிப்பெண் போடுகிறவள் இல்லை. அந்த நாற்பத்தொன்றும் என்னுடையவை. இரண்டு மாதம் எறும்பு கடித்தவள்போல் காலை ஆட்டிச் சம்பாதித்தவை. அதை இந்த மனிதர் தன் பட்டறைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு சிரிப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

“டாப்புல வரல. போறப்போ மட்டும் நாப்பத்தோரு தடவ கொறைச்சேன்,” என்றேன்.

கணவர் அம்மாவைப் பார்த்தார். மாமியார் மெல்லத் தலையை ஆட்டினார். பட்டையோடு எவ்வளவு ஆட்ட முடியுமோ அவ்வளவு. “இல்ல கண்ணு. மாத்துனா எனக்குத் தெரியாதா?”

“மாத்துனா அம்மாளுக்குத் தெரிஞ்சிருக்குமல்லோ,” என்றார் அவரும்.

“தெரியாம மாத்தறதுக்குத்தானுங்க கத்துக்கிட்டேன்.”

அவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு யோசித்தார். கவலையான யோசனை. “நெசமாலுமே நாப்பத்தோரு தடவயா?”

“ஆமாங்க.”

“நாளொண்ணுக்குப் போக வர நாப்பது அம்பதுன்னா, வருசத்துக்குள்ள பல்லு மொட்டையாயிருமே அம்மணி.” சாவி தட்டுக்குப் பக்கத்திலிருந்து எழுந்து ஆணிக்கே போனது. “பாக்கலாம்,” என்றார் மிக மரியாதையாக.

பள்ளி திறக்க ஒன்பது நாள் இருந்தது. நான் ராஜினாமாக் கடிதத்தை எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னதற்காக வருத்தப்பட்டேனா என்றால், ஆமாம், நன்றாக வருத்தப்பட்டேன். பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தேன். அந்த வீட்டில் என்னுடைய நேர்மைக்கு இருந்த ஒரே பயன் அதுதான்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, கோபிசெட்டிபாளையத்தில் மாமியாரின் சொந்தத்தில் புது வீடு குடிபோகிற விசேஷம். கணவர் ஓட்டினார். நான் முன்னால், மாமியார் பின்னால். ரயில்வே கேட் திறந்து எல்லா வண்டியும் ஊர்ந்தபோது அவர் டாப்பில் ஊர்ந்தார். கார் நடுநடுங்கி, தண்டவாளத்துக்கு முன்னாலேயே நின்றது. பின்னால் ஹாரன். மறுபடி கிளப்பினார். அன்னூர் தாண்டி வாழைத்தார் ஏற்றிய ஒரு டிராக்டர் முன்னால் மாட்டியது. முந்த வழியில்லை. டாப்பிலேயே அதன் பின்னால் இரண்டு மைல் போனோம். கதவு, கண்ணாடி, சீர்த் தட்டில் வைத்திருந்த வெற்றிலை எல்லாம் ஆடின. என் பல் கிட்டித்தது. பின்னால் மாமியார் இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு மாமியார் பேசினார். குரலில் கோபம் துளி இல்லை. “ஏஞ்சாமி, வண்டியச் சித்த அந்தப் புளியமரத்து நெழல்ல நிறுத்து.”

நிறுத்தினார். அதாவது நின்றுபோனது.

“நீ எறங்கி அக்கட்டால உக்காந்துக்கோ. அம்மணி ஓட்டட்டும். அவதான் டாப்புலயே ஓட்டுவா.”

என் கணவர் அவரைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அம்மாவிடம் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். இறங்கிச் சுற்றி வந்தார். நான் நகர்ந்து ஸ்டியரிங்குக்குப் போனேன்.

புளியம்பட்டிக்குள் நுழையும்போது கூட்டம். முதல் தடவை குறைத்தேன். பிரேக், கிளட்ச், நடு, ஒரு தட்டு, கிளட்ச், மூன்று. அவர் சட்டென்று என் காலைப் பார்த்தார். அடுத்ததாக இரண்டுக்கு. இந்த முறை காலைப் பார்க்கவில்லை, தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். பல்லும் பல்லும் சத்தமில்லாமல் சேர்வது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. நாள் முழுக்கப் பட்டறையில் அந்தச் சத்தமில்லாமைக்காகத்தான் அவர் உரசி உரசிப் பார்க்கிறார். மூன்றாவது தடவை, நாலாவது தடவை. விரலை மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்தது. சத்தி ஊர் வருவதற்குள் இரண்டு கை விரலும் தீர்ந்துபோயின. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சத்தி தாண்டி, ரோட்டின் இரண்டு பக்கமும் நெல்வயல் வந்தது. மாமியார் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “பாத்தியா சாமி, எப்படிப் போவுது. நாளையிருந்து பள்ளிக்கூடத்துக்கு இவளே எடுத்துட்டுப் போவட்டும். டாப்புலயே ஓட்டறவளுக்கு என்ன பயம்? என்ன சொல்ற?”

வாய்க்கால் பாலத்து வளைவு வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் இரண்டுக்கு இறக்கினேன். வண்டி ஒரு நூல் அசையவில்லை. அவர் என் கையைப் பார்த்தார். பிறகு வெளியே வயலைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

“ஆமாங்கம்மா. டாப்புலதான் போயிட்டிருக்கறா. எடுத்துட்டுப் போவட்டும்.”

அவர் காது மடல் சிவந்திருந்தது. கண்ணாடியில் மாமியார் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு தப்பான விடையைத் தெரிந்தே நான் திருத்தாமல் விட்டது அன்றைக்குத்தான்.